கொசுவலைக்குள் ஒரு கியர்பாக்ஸ்

ஆடி மாதம் முழுக்க எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கேட்டது, "கொசுவலைக்குள்ள யாரு படுத்திருக்கா? அய்யாவுக்கு மேலுக்குச் சரியில்லையா?" என்றுதான். அய்யா எதிரே நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பார். வலைக்குள் கிடந்தது என் காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ஒரே துண்டாக இல்லை, நூற்றுச்சொச்சம் துண்டுகளாக.

2010 மாடல் சின்ன வண்டி, நாலு கியர் ஆட்டோமேட்டிக். எந்தக் கம்பெனி என்பதை விட்டுவிடுகிறேன். 14 வருஷம் கியர் ஆயிலைத் தொடாமல் ஓட்டியவன் நான், அதற்குக் கம்பெனி என்ன செய்யும்? இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து எனக்குக் கிளட்ச் மிதிக்க ஆகாது. அதனால் "வித்துட்டு ஒரு மேனுவல் வாங்கிருங்க" என்ற யோசனை ஆரம்பத்திலேயே அடிபட்டுப் போனது.

மாட்டுத்தாவணி தாண்டி மேலூர் ரோட்டில் ஒரு சாயங்காலம். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற வேண்டிய இடத்தில் இன்ஜின் உறுமுகிறது, வண்டி போகவில்லை. ஈரச் சோப்பைப் பிடித்த மாதிரி, பிடி கிடைக்காமல் வழுக்குகிறது. கொஞ்ச நேரத்தில் மஞ்சள் விளக்கு. அதன் பிறகு மொத்தமாகவே நகரவில்லை.

இந்த ரகப் பெட்டியில் ஏதாவது கோளாறு தெரிந்தால் கம்ப்யூட்டர் தற்காப்புக்காகப் பெட்டியை மூன்றாவது கியரிலேயே பூட்டி வைத்துவிடும். எப்படியாவது வீடு போய்ச் சேரட்டும் என்று செய்த ஏற்பாடு. என் வண்டியில் போனதே அந்த மூன்றுதான்! சாவியை அணைத்துத் திரும்பப் போட்டு, லீவரை 2-ல் வைத்து, லாரிக்காரர்கள் ஹாரனால் வாழ்த்துச் சொல்ல, ஒத்தக்கடை வரை ஊர்ந்தே வந்தேன்.

மதுரையில் இரண்டு இடத்தில் காட்டினேன். இரண்டு இடத்திலும் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்தார்கள். இரண்டு இடத்திலும் ஒரே பதில்: "கருகிருச்சு சார், பெட்டியையே மாத்தணும்." விலை 1,60,000. வண்டியை விற்றால்கூட அவ்வளவு தேறாது. எங்கள் தெருமுனை மெக்கானிக் தம்பி மட்டும் உண்மையைச் சொன்னான்: "மேனுவல்னா கண்ணைக் கட்டிக்கிட்டுப் பிரிச்சு மாட்டிருவேண்ணே. இதுக்குள்ள என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது."

அவனைக் குறை சொல்ல முடியாது. 2014-ல் மாருதி செலெரியோ வந்த பிறகு ஊரில் 'ஆட்டோமேட்டிக்' என்று ஓடும் சின்ன வண்டிகளில் ரொம்பப் பேர் வைத்திருப்பது ஏஎம்டி. அது சாதாரண மேனுவல் பெட்டிதான், கிளட்ச் மிதிப்பதையும் கியர் தள்ளுவதையும் மட்டும் மோட்டாரோ எண்ணெய் அழுத்தமோ செய்யும். இன்ஜின் சுழற்சியை எண்ணெய் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வைத்த என் பெட்டி வேறு சாதி. அதைத் திறந்து பார்த்த கை எங்கள் பக்கம் குறைவு.

நான் ஐடிஐயில் ஃபிட்டர் பாடம் நடத்துகிறவன். மைக்ரோமீட்டரும் ஃபீலர் கேஜும் கையில் பழகியவை. கியர்பாக்ஸ் பழக்கமில்லை. ஆனால் 1,60,000 இல்லாதவனுக்குத் தைரியம் தானாக வரும்.

முதலில் எதையும் கழற்றவில்லை. ஒர்க்‌ஷாப் கையேட்டைப் பிரின்ட் எடுத்து வைத்துக்கொண்டு, காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். உள்ளே மூன்று கிளட்ச், இரண்டு பிரேக். முதல் கியருக்கு அண்டர்டிரைவ் கிளட்ச்சும் லோ-ரிவர்ஸ் பிரேக்கும் பிடிக்க வேண்டும். இரண்டுக்கு அதே அண்டர்டிரைவ், கூட செகண்ட் பிரேக். மூன்றுக்கு அண்டர்டிரைவும் ஓவர்டிரைவும். நான்குக்கு ஓவர்டிரைவும் செகண்ட் பிரேக்கும். பின்னால் போக ரிவர்ஸ் கிளட்ச்சும் லோ-ரிவர்ஸ் பிரேக்கும். என் வண்டியில் ஒன்று, இரண்டு, ரிவர்ஸ் மூன்றும் நன்றாக இருந்தன. அப்படியென்றால் அண்டர்டிரைவ் குற்றவாளி இல்லை, ரிவர்ஸ் இல்லை, பிரேக் இரண்டும் இல்லை. மிஞ்சியது ஓவர்டிரைவ் கிளட்ச் ஒன்றுதான். ஒரு போல்ட்கூடக் கழற்றாமல் ஆளைப் பிடித்தாயிற்று. அன்றைக்கு எனக்கு இருந்த மிதப்பைச் சொல்லி மாளாது.

இந்தக் கிளட்ச்சும் பிரேக்கும் எதைப் பிடிக்கின்றன என்று கேட்பவர்களுக்கு: நடுவில் சூரியப் பல்சக்கரம், அதைச் சுற்றிக் கோள் பல்சக்கரங்கள், வெளியே பல் வைத்த வளையம். ஒன்றை ஓட்டி, ஒன்றை அசையாமல் பிடித்தால், மற்றது வேறு வேகத்தில் சுற்றும். எதைப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து வேகமும் மாறும், திசையும் மாறும். மாசி வீதி முக்கில் தேர் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வடம் இழுப்பவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம், தேரைத் திருப்புவது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிற ஆள்.

இறக்கினோம். பேட்டரி, ஏர் ஃபில்டர், இரண்டு டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் வெளியே வந்தன. இன்ஜின் தொங்கிவிடாமல் இருக்க பானெட் வாயில் குறுக்கே சவுக்குக் கட்டை, அதில் சங்கிலி. கல்பட்டறையில் வேலை பார்க்கும் நண்பர் செயின் பிளாக் கொண்டுவந்தார். பெட்டி எழுபது கிலோ பக்கம் இருக்கும். மெக்கானிக் தம்பியும் நானும் அவரும் சேர்ந்து அரைநாளில் இறக்கி, பழைய டயர் மேல் உட்கார வைத்தோம்.

அப்புறம்தான் உறைத்தது, இது ஆடி. யானைமலை அடிவாரத்தில் ஆடிக்காற்று என்றால் மண்ணை வாரி வாய்க்குள் போடுகிற காற்று. ஆட்டோமேட்டிக் பெட்டிக்குத் தூசியை விடப் பெரிய எதிரி கிடையாது. எண்ணெயைப் பிரித்து அனுப்புகிற வால்வு பாடியில் ஓடும் வால்வுக்கும் அதன் துளைக்கும் நடுவே தலைமுடி நுழையாது, ஒரு மணல் போதும் வால்வு மாட்டிக்கொள்ள. போர்ட்டிகோவில் பிரிக்கும் திட்டம் அங்கேயே முடிந்தது. வீட்டுக்காரி முன்னறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்க் கொசுவலையைக் கொண்டுவந்து போட்டாள். "ஃபேன் போட மாட்டேன்னு மட்டும் சொல்லிராதீங்க" என்றாள். அதையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

துடைக்கிற துணி அடுத்த பிரச்சினை. பட்டறைகளில் எல்லாவற்றுக்கும் பனியன் வேஸ்ட்தான். அது நூல் விடும், நூல் போய் வால்வில் சிக்கும். சுங்குடிச் சேலைத் துண்டும் அப்படியே. ஆத்தாவின் பழைய நைலக்ஸ் சேலை ஒன்று பீரோவில் இருந்தது. எண்ணெய் உறிஞ்சாது, ஆனால் ஒரு இழை உதிராது. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. அய்யாவிடம் கேட்டுவிட்டுத்தான் கிழித்தேன்.

ஏடிஎஃப் என்கிற இந்த ஆயில் புதிதில் குங்குமத் தண்ணீர் மாதிரி இருக்கும். இன்ஜின் ஆயிலோடு குழம்பாமல் இருக்க, ஒழுகினால் எதுவென்று தெரிய, சாயம் போட்டே விற்கிறார்கள். ஒரு காலத்தில் அமெரிக்காவில் இதில் திமிங்கில எண்ணெய் கலந்திருக்கிறார்கள், கிளட்ச் வழவழப்பாகப் பிடிப்பதற்காக. 1970-களில் தடை வந்ததும் நின்றது. என் பெட்டியிலிருந்து வடிந்தது டிகாஷன் நிறத்தில் இருந்தது. வாடை, அடிப்பிடித்த குழம்பு. அடித்தட்டில் இருக்கும் காந்தங்களில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தது. அது இருக்கலாம், வயசுக்கு வருவதுதான். பல் துண்டோ செதிலோ இல்லை என்று பார்த்தபோதுதான் மூச்சு வந்தது.

ஓவர்டிரைவ் கிளட்ச் தட்டுகள் அடுக்கியிருக்கும் டிரம்மைத் திறந்தேன். உராய்வுத் தட்டுகளில் மேல்பூச்சு போய்க் கரி மட்டும் இருந்தது. இடையில் வரும் இரும்புத் தட்டுகள் சூட்டில் மயில்கழுத்து நிறம் அடித்திருந்தன. பட்டுச் சேலையில் பார்க்க வேண்டிய நிறம். சரி, தட்டு செட் வாங்கிப் போட்டால் முடிந்தது என்று அங்கேயே உட்கார்ந்து போனை எடுத்தேன்.

"ஏண்டா, இது எரிஞ்சது சரி. ஏன் எரிஞ்சுச்சு?" என்றார் அய்யா.

அய்யாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் நாற்பது வருஷம் நெல் போட்டவர். இரண்டு நாளாக வலைக்கு வெளியே உட்கார்ந்து, இது என்ன அது என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் அவருக்குத் தெரிந்த பாஷையில் சொல்லிப் பார்த்தேன். இன்ஜின் சுற்றும்போது முன்னால் இருக்கும் பம்ப் எண்ணெயைத் தள்ளுகிறது, அதுதான் நமக்குக் கால்வாய்த் தண்ணீர். அழுத்தம் கூடிப் போனால் ஒரு வால்வு திறந்து மிச்சத்தைத் திருப்பி விட்டுவிடும். "கலுங்கு" என்றார். வால்வு பாடியில் புழு அரித்த மரம் மாதிரி ஓடும் தடங்களைக் காட்டினேன். "வாய்க்கா." ஒவ்வொரு தடத்துக்கும் எண்ணெயைத் திறந்து மூடும் சோலனாய்டுகளைக் காட்டினேன். "மடை. அப்ப திறந்து விடுற நீர்பாய்ச்சி யாரு?" கம்ப்யூட்டர் என்றேன். எண்ணெய் போய்ச் சேரும் இடத்தில் பிஸ்டன் இருக்கிறது, அது தட்டுகளை நெருக்கிப் பிடிக்கிறது, அதுதான் வயல். "இதுக்கு மடைக்கருப்பு எங்கிட்டு இருக்காரு?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒரு கணக்கில் அவர் சொன்னது தான் இந்தப் பெட்டியின் பிறப்புச் சரித்திரமே. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் ஹைட்ராமேட்டிக் வந்தபோது கம்ப்யூட்டர் எங்கே இருந்தது? எப்போது எந்தக் கியர் என்று எண்ணெய் அழுத்தமே பார்த்துக்கொண்டது. கண்மாய் நிறைந்தால் கலுங்கு தானாக மறுகால் போகிற மாதிரி.

"வயக்கடைசியில பயிர் காஞ்சிருந்தா பயிரை மாத்துவியா? தண்ணி ஏன் வந்து சேரலைன்னு பாப்பியா? மடை திறந்துதான் இருக்குங்குற. அப்ப கரையில எங்கிட்டாவது நண்டு வளை விழுந்திருக்கும்."

போனை வைத்துவிட்டு ஓவர்டிரைவ் பிஸ்டனைக் கழற்றினேன். அதைச் சுற்றியிருந்த ரப்பர் சீல் பழைய செருப்பு வார் மாதிரி இறுகிப் போயிருந்தது. விரலால் மடக்கினால் 'டக்' என்று வெடிப்பு விட்டது. 14 வருஷச் சூடு. அதன் உதடு டிரம் சுவரை ஒட்டாமல் எண்ணெய் பக்கவாட்டில் வழிந்திருக்கிறது. அழுத்தம் பாதி, பிடி பாதி, வழுக்கல், சூடு, கரி. தட்டை மட்டும் மாற்றியிருந்தால் புதுத் தட்டும் சில மாதத்தில் கரியாகியிருக்கும். மற்ற கிளட்ச் சீல்களும் அதே கதியில்தான் இருந்தன, கொஞ்சம் பாக்கி வைத்து. தட்டு செட்டோடு முழு ஓவர்ஹால் கிட்டும் சேர்த்துச் சொன்னேன். 21,000.

டார்க் கன்வெர்ட்டர் வீட்டு வேலை இல்லை. இரண்டு விசிறிகளை எதிரெதிரே வைத்து எண்ணெயில் மூழ்கடித்துச் சுற்றிலும் வெல்டு வைத்து மூடிய உருண்டை அது. ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியர் 1905 வாக்கில் கப்பலுக்காக யோசித்த பொருள். உள்ளே கிடக்கும் கரித்தூளை அலசி எடுக்க முடியாது. லேத்தில் வெல்டை அறுத்துத் திறந்து, சுத்தம் செய்து, திரும்ப வெல்டு வைத்து பேலன்ஸ் பார்க்க வேண்டும். கோயம்புத்தூரில் செய்கிறவர் ஒருவர் கிடைத்தார். புது ஆயில் ஊற்றி இரண்டு தடவை குலுக்கி வடித்து, சாக்கில் கட்டி, ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். வாடிப்பட்டி தாண்டும்போது சாக்கிலிருந்து சிவப்பாகச் சொட்ட ஆரம்பித்தது. கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"என்னண்ணே, தலைக்கறியா?"

விளக்கினேன். நம்பவில்லை. சாக்கைப் பிரித்துக் காட்டிய பிறகும் லக்கேஜ் டிக்கெட் போட்டுத்தான் விட்டார்.

மாட்டுகிற வேலைக்குப் பாதிச் சாமான் அடுப்படியிலிருந்து வந்தது. புதுக் கிளட்ச் தட்டுகளைக் காய்ந்தபடி போடக் கூடாது, முதல் பிடியிலேயே கருகும். எவர்சில்வர் போசியில் ஏடிஎஃப் ஊற்றி, உளுந்து ஊறப் போடுகிற மாதிரி ராத்திரி முழுக்க ஊறப் போட்டேன். அந்தப் போசி இனி அடுப்படிக்குத் திரும்ப வேண்டாம் என்று தீர்ப்பாகிவிட்டது. வால்வு பாடிக்குள் உட்காரும் குண்டுமணி அளவு ஸ்டீல் உருண்டைகள் கவிழ்க்கும்போது விழுந்துவிடும். கிரீஸ் வைத்து ஒட்டினால் அது எண்ணெயில் கரையாமல் போய் வாய்க்காலை அடைக்கும். வாசலின்தான் சரி, சூடானதும் கரைந்து எண்ணெயோடு போய்விடும். ஒரு உருண்டை கை தவறி ஓடியது. பீரோவை நகர்த்தி, பாயைச் சுருட்டி, காந்தத்தால் தரையைத் துழாவி, கடைசியில் அய்யாவின் வெற்றிலை உரலுக்குள் இருந்தது. எப்படிப் போனது என்று இன்று வரை தெரியாது.

பிஸ்டனை அழுத்திப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்குகளை அமுக்கத் தனிக் கருவி இருக்கிறதாம். கே.புதூர் சிட்கோவில் தெரிந்த லேத் பட்டறையில் ஒரு தகடும் திருகுக் கம்பியும் வைத்து 600 ரூபாய்க்குச் செய்து வாங்கினேன். பிறகு என் தொழில்: ஃபீலர் கேஜ். தட்டடுக்குக்கும், அது கழன்று வராமல் மேலே பிடிக்கும் சர்க்ளிப் வளையத்துக்கும் நடுவே இடைவெளி 1.6 முதல் 1.8 மி.மீ. இருக்க வேண்டும் என்கிறது கையேடு. குறைந்தால் தட்டுகள் விடாமல் உரசும், கூடினால் பிடிக்கத் தாமதமாகும். எனக்கு வந்தது 2.0. சர்க்ளிப்பே பல கனத்தில் வரும். 0.3 கூடுதல் கனமுள்ளதை வாங்கிப் போட்டதும் 1.7. இந்த ஒரு எண்ணுக்காக மூன்று நாள் காத்திருந்தேன். ஐடிஐ பையன்களிடம் வருஷாவருஷம் "பத்தில ஒரு பங்கு மில்லிமீட்டர்தானேன்னு நினைக்காதீங்கடா" என்று கத்துகிறவன், அந்த மூன்றாவது நாள் "போதும், இதுவே இருக்கட்டும்" என்று எத்தனை தடவை நினைத்தேன் என்பதை அவர்களிடம் சொல்லப் போவதில்லை.

அப்புறம் காற்றுச் சோதனை. பெயின்டர் ஒருவரின் கம்ப்ரஸரை வாங்கி, ஒவ்வொரு கிளட்ச்சின் எண்ணெய்த் துளையிலும் 3 பார் காற்றுக் கொடுக்க வேண்டும். சீல் சரியாக இருந்தால் பிஸ்டன் எழுந்து தட்டை அடிக்கிற சத்தம் கேட்கும். அண்டர்டிரைவ்: டுப். ரிவர்ஸ்: டுப். ஓவர்டிரைவ்: உஸ்ஸ்ஸ்...

தெருமுனை தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு டீ வாங்கி வரப் போய்விட்டான்.

திரும்பப் பிரித்தேன். புது சீலின் உதடு ஒரு இடத்தில் உள்பக்கமாக மடிந்திருந்தது. அவசரத்தில் பிஸ்டனை நேராக அமுக்கியிருக்கிறேன். நல்லவேளை கிழியவில்லை. இரண்டாவது தடவை, தூண்டில் நரம்பை வளையமாக மடித்து ஒரு மெல்லிய செம்புக் குழாயில் சொருகி, அதை வைத்து உதட்டைச் சுற்றிச் சுற்றி உள்ளே ஒதுக்கிக்கொண்டே பிஸ்டனைப் பையப் பைய இறக்கினேன். இருபது நிமிஷம், நெற்றி வியர்வை டிரம்மில் விழாமல் இருக்கத் தலையில் துண்டு, ஃபேன் கிடையாது. காற்றுக் கொடுத்தேன்.

டுப்.

அய்யா வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டு, "இன்னொருக்கா அடி" என்றார். அடித்தேன். டுப். அவர் கேட்ட தடவையெல்லாம் அடித்தேன்.

ஏற்றும் அன்றைக்கு ஒரு கண்டம். கன்வெர்ட்டரைப் பெட்டியின் மூக்கில் மாட்டும்போது சுற்றிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும். ஒரு படி இறங்கும், இன்னொரு படி இறங்கும், கடைசியில் பம்பின் காதுகளில் போய் உட்காரும். அது உட்காராமல் பெட்டியை இன்ஜினோடு சேர்த்தால் நடுவில் இடைவெளி நிற்கும். எங்களுக்கு 6 மி.மீ. நின்றது. தம்பி நீள போல்ட்டைக் கையில் எடுத்துவிட்டான். "இழுத்துடலாம்ணே, தன்னால உக்காந்துரும்." மேனுவலில் அவன் சொல்வது சில சமயம் பலிக்கும். இங்கே இழுத்தால் பம்ப் நொறுங்கும், இரண்டு மாத வேலை ஒரு ஸ்பேனர் திருப்பில் போகும். மறுபடி கீழே இறக்கினோம். கையால் சுற்றிச் சுற்றித் தள்ளினேன். 'டொக்' என்று உள்ளே போனது. ஸ்கேல் வைத்து ஆழம் அளந்து, கையேட்டில் பார்த்து, திரும்பவும் அளந்தேன். அதற்குள் இருட்டிவிட்டது. மறுநாள் ஏற்றியபோது இரண்டு முகமும் விரலால் தள்ளியே ஒட்டின.

ஆயில் ஊற்றி, முன் சக்கரத்தைத் தூக்கி வைத்தே ஒவ்வொரு கியராக மாற்றி, சூடேறிய பிறகு அளவு பார்த்து, கீழே இறக்கி ரோட்டுக்கு வந்தோம். பிரித்து மாட்டிய பெட்டிக்குப் பழைய நினைவு இருக்கக் கூடாது. கம்ப்யூட்டர் கற்று வைத்திருந்த கணக்குகளை ஸ்கேனர் வைத்து அழித்திருந்தோம். அதனால் முதல் இரண்டு நாள் கியர் மாறும்போதெல்லாம் முதுகில் தட்டியது. அழகர்கோவில் ரோட்டில் நாலைந்து தடவை போய்வந்த பிறகு அடங்கியது. காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது இரண்டிலிருந்து மூன்றுக்கு இன்னமும் லேசாக ஒரு உதறல் உண்டு. அதை நோண்டப் போவதில்லை. கன்வெர்ட்டர் 9,500, ஆயில், சில்லறை எல்லாம் சேர்த்து 41,000 சொச்சத்தில் நின்றது. என் கூலி போடவில்லை. போசிக்கும் கொசுவலைக்கும் தனிக் கணக்கு, அதை வேறொருவர் எழுதி வைத்திருக்கிறார்.

மேலூருக்கு ஒரு காரியமாகப் போகும்போது அய்யாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனேன். நான்கு வழிச்சாலையில் ஏறியதும் மூன்று விழுந்தது. "இப்ப எந்த மடை?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து நாலாவது விழுந்ததைக் கேட்கவில்லை, தூங்கிவிட்டார்.

இப்போதெல்லாம் ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்துவிட்டுப் படுக்கிறேன். காலையில் காப்பிக்கு முன்னால் அதைத்தான் பார்ப்பது. முதல் வாரம் டிரைவ் ஷாஃப்ட் சீலில் கசிந்து சிவப்புப் பொட்டு விழுந்தது, மாற்றினேன். நேற்று ஒரு பொட்டு இருந்தது. குத்தவைத்து விரலால் தொட்டு, தேய்த்து, முகர்ந்து பார்த்தேன். ஏசித் தண்ணீர்.